திட்டத்தின் பெயரைச் சொல்லி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுங்கள்: எங்கள் ஊர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டன்,
2025 அக்டோபர் 8

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

ஜூன் 5, வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் அம்மாவை உங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தீர்கள். இதய வால்வு மாற்றும் சிகிச்சை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, ஜூன் 2 மாலை நாலு இருபதுக்கு, உங்கள் நிதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அம்மாவின் காப்பீட்டு நிறுவனத்தோடு மருத்துவமனைக்கு ஒப்பந்தம் உண்டு, ஆனால் அம்மாவிடம் இருக்கும் மார்க்கெட்பிளேஸ் (அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தை) திட்டத்துக்கு அது செல்லாது என்றார். சிகிச்சை வேண்டுமென்றால் புதன்கிழமை மாலைக்குள் 42,000 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் தேதி ரத்தாகும் என்றார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. முன்னால் இருந்ததைப் படித்துச் சொன்னார். பேச்சு மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையில் இரண்டு நைட்டி, பல் துலக்கும் பிரஷ், திருநீற்றுச் சம்புடம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நான் போனை வைத்ததும் “என்னட்டி சொல்லுதாவ?” என்று கேட்டார். ஆப்பரேஷன் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொன்னேன். அம்பாசமுத்திரத்தில் முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை என் முகத்திலேயே படித்துவிட்டார்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் ஆகஸ்ட் கடைசியிலேயே பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்துவிட்டது. நாலு வரியில் பதில் அனுப்பினீர்கள். என் கருத்து உங்களுக்கு மதிப்புமிக்கது என்றும், உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் அதில் இருந்தது. எந்தப் பிரிவு என்று இல்லை. அதனால் இப்போது பொதுவில் எழுதுகிறேன், தமிழில் எழுதுகிறேன். எங்களைப் போலப் பெற்றோரைக் கூட்டி வந்து வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. வருகிற நவம்பர் 1 அன்று அடுத்த வருடத்துக்கான மார்க்கெட்பிளேஸ் பதிவு தொடங்குகிறது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்களுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அம்மாவுக்குச் சிகிச்சைக் குறிப்புகள் நான்கு பக்கத்தையும் தொலைபேசியில் பொறுமையாகத் தமிழில் சொன்ன மொழிபெயர்ப்பாளர் உங்களிடம் இருக்கிறார். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அம்மா ஏன் மார்க்கெட்பிளேஸ் திட்டத்தில் இருக்கிறார் என்று உங்கள் ஊழியர்களே பல தடவை கேட்டார்கள். “வயது அறுபத்தேழு ஆகிறதே, மெடிகேர் இல்லையா?” என்பதுதான் ஒவ்வொரு மேசையிலும் முதல் கேள்வி. மெடிகேர் என்பது முதியோருக்கான அரசுக் காப்பீடு. 2023 அக்டோபரில் கிரீன் கார்டோடு வந்தவர் அவர். இங்கே வேலை செய்து வரி கட்டாத ஒருவர், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். அதாவது 2028. நானும் என் கணவரும் வேலை செய்யும் இடங்களின் காப்பீட்டில் மனைவியை, கணவனை, பிள்ளைகளைச் சேர்க்கலாம், பெற்றோரைச் சேர்க்க முடியாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கும் காப்பீடு பழைய நோய்க்குப் பணம் தராது. மிச்சம் இருக்கும் ஒரே வழி, 2010இல் வந்த சட்டத்தின் கீழ் 2014 முதல் நடைமுறையில் இருக்கும் மார்க்கெட்பிளேஸ். எல்லோரும் ஒபாமாகேர் என்று சொல்வது. அங்கே வாங்கும் திட்டத்தில் பழைய நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. 2025க்கு நாடு முழுவதும் 2 கோடியே 40 லட்சம் பேர், டெக்சாஸில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இதில் சேர்ந்திருக்கிறார்கள். இது யாரோ ஒரு சிலர் வைத்திருக்கும் அபூர்வமான அட்டை என்று உங்கள் மேசையில் இருப்பவர்கள் நினைத்தால் அது சரியில்லை.

திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூன் 2க்குப் பிறகு நான் பேசிய எல்லோரும், உங்கள் பக்கத்திலும் சரி, காப்பீட்டு நிறுவனத்திலும் சரி, “வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும்” என்றார்கள். பார்த்தேன். 2024 டிசம்பர் 9 அன்று காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பட்டியலில் உங்கள் மருத்துவமனையின் பெயரைத் தேடினேன். அம்மாவின் திட்டப் பெயருக்குக் கீழே ‘இன்-நெட்வொர்க்’, அதாவது இந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உண்டு, என்று வந்தது. தேதி தெரிகிற மாதிரித் திரையைப் படம் எடுத்து வைத்தேன். மார்க்கெட்பிளேஸ் திட்டங்களை வாங்கும் அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ்விலும் மருத்துவமனையின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன், அங்கேயும் அதே பதில். ஆனால் அந்தத் தளத்துக்குத் தகவல் கொடுப்பதே காப்பீட்டு நிறுவனம்தான் என்பதால் அது இரண்டாவது சாட்சி ஆகாது என்று தோன்றியது. அதனால் டிசம்பர் 10 அன்று உங்கள் பொது எண்ணுக்கே போன் போட்டேன். பதினெட்டு நிமிடம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன், திட்டத்தின் பெயரையும் சொன்னேன். “ஆமாம், அவர்களை எடுத்துக்கொள்கிறோம்” என்றார். இதயநோய் மருத்துவரின் கிளினிக்கிலும் கேட்டேன். அங்கேயும் ஆமாம்.

அந்த ‘ஆமாம்’தான் இந்த மடலுக்குக் காரணம். உங்கள் ஊழியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் காதில் வாங்கிக்கொண்டது நிறுவனத்தின் பெயரை மட்டும். அந்த ஒரு நிறுவனத்துக்குள் கம்பெனி ஊழியர்களுக்கான பிபிஓ (பட்டியலுக்கு வெளியேயும் ஓரளவு பணம் தரும் திட்டம்) இருக்கிறது, எச்எம்ஓ (பட்டியலுக்குள் மட்டும் பணம் தருவது) இருக்கிறது, மெடிகேர் அட்வான்டேஜ் (மெடிகேர்காரர்களுக்குத் தனியார் நடத்துவது) இருக்கிறது, அப்புறம் மார்க்கெட்பிளேஸில் விற்பது இருக்கிறது. அட்டையில் ஒரே சின்னம், ஒரே நிறம். ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனைகளின் பட்டியல் வேறு. நிறுவனத்தின் பெயரை வைத்து ‘எடுத்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது, பேருந்து நிலையத்தில் போய் “மதுரைக்கு வண்டி உண்டா?” என்று கேட்பவரிடம் “வண்டி உண்டு” என்று சொல்வது மாதிரி.

டிசம்பரில் நீங்கள் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்க மாட்டேன். அன்றைக்கு என் முன்னால் இன்னொரு திட்டம் இருந்தது. மாதம் 58 டாலர் கூடுதல். நகரத்தின் மறுபக்கத்தில், 41 மைல் தள்ளி இருக்கும் ஒரு மருத்துவமனை அதில் உண்டு. டிசம்பர் 15க்குள் அதில் சேர்ந்திருந்தால் ஜனவரி முதல் தேதியிலிருந்தே அம்மாவை அங்கே காட்டியிருப்போம். சோதனைகள் எல்லாம் அங்கேயே நடந்திருக்கும். உங்கள் பெயர் பட்டியலில் இருந்தது, நீங்கள் நான்கு மைலில் இருக்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்தத் திட்டத்தை எடுத்தோம். மானியம் போக மாதம் 612 டாலர். ஒரு மாதம்கூடத் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகிறது.

சரி, ஜனவரியில் திட்டம் தொடங்கியது. பிப்ரவரியில் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மார்ச்சில் ஈக்கோ எடுத்துப் பார்த்து, பெருநாடி வால்வு மிக மோசமாகச் சுருங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். மார்பைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் செலுத்திப் புது வால்வு வைக்கலாம் என்றார். அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய சிடி ஸ்கேன் ஏப்ரலில் உங்கள் மருத்துவமனையிலேயே எடுக்கப்பட்டது. அந்த மருத்துவர் அம்மாவின் திட்டத்தில் இருக்கிறார். அவர் சிகிச்சை செய்யும் மருத்துவமனையான நீங்கள் இல்லை. மருத்துவர் குழுவின் ஒப்பந்தம் வேறு, மருத்துவமனையின் ஒப்பந்தம் வேறு என்பது எத்தனை நோயாளிகளுக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. மருத்துவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஜூன் 3 அன்று நான் சொன்னபோது அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அம்மாவின் அட்டையை உங்கள் மேசைகளில் ஐந்து தடவை வாங்கி முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். டெக்சாஸில் மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்கிய திட்டத்தின் அட்டையில் ‘க்யூஎச்பி’ (QHP) என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பார்த்தவுடன் உங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கு அடையாளம் தெரியட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அம்மாவின் அட்டையிலும் அந்த மூன்று எழுத்து இருக்கிறது. ஐந்து தடவையும் இருந்தது. முதல் தடவையே யாராவது அதைப் படித்திருந்தால் எங்களுக்கு இரண்டு மாதம் கிடைத்திருக்கும்.

ஜூன் 2க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்கச் சொன்னீர்கள். அவர்கள் உங்களைக் கேட்கச் சொன்னார்கள். வேறு திட்டத்துக்கு மாற முடியுமா என்று கேட்டேன். மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லை என்பது வருட நடுவில் திட்டம் மாறக் காரணம் ஆகாது, ஜனவரி வரை பொறுக்க வேண்டும் என்றார்கள். வேலை போனால் மாறலாம், ஊர் மாறினால் மாறலாம், குழந்தை பிறந்தால் மாறலாம். நம்பி வாங்கிய மருத்துவமனை இல்லையென்று ஆனால் மாற முடியாது. இந்த விதி நீங்கள் செய்தது இல்லைதான். ஆனால் இந்த விதி இருப்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் எங்களைப் பன்னிரண்டு மாதம் கட்டிப்போடுகிறது என்பதும் தெரியும்.

ஒரு நோயாளிக்கு மட்டும் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்ற வழி இருப்பதையே ஜூலையில்தான் தெரிந்துகொண்டேன். வேறொரு மருத்துவமனையின் செவிலியர் சொல்லித்தான் தெரியும். உங்கள் நிதிப் பிரிவில் நான் பேசிய ஆறு பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

சட்டத்தில் எங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். 2022 ஜனவரி முதல் இருக்கும் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியலைத் தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். பட்டியல் தவறு என்று தெரியாமல் அதை நம்பிப் போன நோயாளியிடம் நெட்வொர்க்குக்கு உள்ளே இருந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் வாங்கலாம். ஏப்ரலில் எடுத்த சிடி ஸ்கேனுக்கு 4,870 டாலர் பில் வந்தபோது அந்தச் சட்டமும் டிசம்பர் 9 அன்று நான் எடுத்து வைத்த படமும்தான் காப்பாற்றின. முறையீடு எழுதி, நான்கு மாதம் அலைந்து, கடைசியில் 150 டாலரோடு முடிந்தது. ஆனால் அந்தச் சட்டம் நடந்து முடிந்த சிகிச்சையின் பில்லுக்குத்தான் பொருந்தும். நடக்கவேண்டிய சிகிச்சையை நீங்கள் ரத்து செய்தால் அது என்ன செய்யும்? முன்பணம் கட்டி உள்ளே போனாலும் அந்தப் பணம் அம்மாவின் வருட உச்சவரம்பில் சேராது. நெட்வொர்க்குக்குள் என்றால் 2025இல் ஒருவர் கையிலிருந்து போகக்கூடிய அதிகபட்சம் 9,200 டாலர். வெளியே என்றால் எல்லையே கிடையாது.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தார்.

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நெற்றியில் வெட்டு, உதடு கிழிந்து ரத்தம். கதவைத் தாழ்போடாமல் குளியுங்கள் என்று நான் சொல்லியிருந்ததால் உள்ளே போக முடிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவோம் என்றார்கள். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். இருபத்தைந்து நாளுக்கு முன்னால் 42,000 டாலர் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று சொன்ன அதே கட்டடத்தில், அதே அட்டையோடு, அம்மா இரண்டு இரவு இருந்தார். அவசரம் என்று வந்தவரைப் பார்த்து நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது என்பது 1986இலிருந்து சட்டம். அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க் கணக்கில் மட்டும்தான் பணம் வாங்கலாம் என்பதும் இப்போது சட்டம். உங்கள் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் அம்மாவைத் தங்கள் அம்மாவைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் காலில் சாக்ஸ் மாட்டிவிட்டு, போர்வையைச் சூடுபடுத்திக் கொண்டுவந்து போர்த்தினார். மூன்றாம் நாள் காலையில், நிலை சீராகிவிட்டது, வால்வுக்கு உங்கள் நெட்வொர்க்கில் இருக்கும் மருத்துவமனையைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினீர்கள். அந்த வால்வை மாற்றத் தெரிந்தவர்கள் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள்.

41 மைல் தள்ளி இருக்கும் மருத்துவமனைதான் கடைசியில் அந்தத் தனி ஒப்பந்தத்தைப் போட்டுக்கொண்டு எங்களை எடுத்துக்கொண்டது. சோதனைகளை மறுபடியும் முதலிலிருந்து செய்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று வால்வு வைத்தார்கள். நீங்கள் கொடுத்த தேதியிலிருந்து சரியாகப் பதினோரு வாரம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். பதினோரு வாரமும் நான் அவர் அறைக்கு வெளியே தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

அம்மா வீடு திரும்பிய பிறகு ஒரு காரியம் செய்தேன். 2021 ஜனவரி முதல் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விலைகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டத்தோடு என்ன விலைக்கு ஒப்பந்தம் என்பதுவரை அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். நீங்களும் வெளியிட்டிருக்கிறீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கணினி அந்தக் கோப்பைத் திறக்கவே திணறியது. அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவள் நான், விடவில்லை. அம்மாவின் காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே மூன்று திட்டங்கள் இருந்தன. கம்பெனிகளுக்கான பிபிஓ, கம்பெனிகளுக்கான எச்எம்ஓ, மெடிகேர் அட்வான்டேஜ். மார்க்கெட்பிளேஸ் திட்டம் ஒன்றுகூட இல்லை. கோப்பின் தேதி 2024 நவம்பர்.

அதாவது டிசம்பர் 10 அன்று உங்கள் ஊழியர் என்னிடம் ‘ஆமாம்’ என்று சொன்னபோது, சரியான பதில் உங்கள் சொந்தத் தளத்திலேயே இருந்தது. ஆனால் அது தொலைபேசியை எடுப்பவரின் திரையில் இல்லை, பதிவு மேசையில் இல்லை, முகப்புப் பக்கத்தில் இல்லை. முகப்புப் பக்கத்தில் இன்றைக்கும் இருப்பது “பெரும்பாலான முக்கியக் காப்பீடுகளை ஏற்றுக்கொள்கிறோம்” என்ற ஒரு வரி.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் மருத்துவமனைக்குக் கொடுக்கும் தொகை கம்பெனித் திட்டங்களைவிடக் குறைவு என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மானியத்தோடு சேர்ந்தவர் தவணை கட்டத் தவறினால் மூன்று மாத அவகாசம் உண்டு. முதல் மாதச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும், அடுத்த இரண்டு மாதத்துக்குரியதை நிறுத்தி வைக்கலாம். கடைசிவரை அவர் கட்டவில்லையென்றால் அந்த நஷ்டம் மருத்துவமனையின் தலையில் விழுகிறது. இது உண்மையான கவலைதான். காப்பீட்டு நிறுவனங்களும் விலையைக் குறைக்கப் பட்டியலைச் சுருக்குகிறார்கள். 2016இல் இந்த மாநிலத்தில் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் தனிநபர்களுக்கு பிபிஓ விற்பதையே நிறுத்தியது. அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் எச்எம்ஓவும் அதைப் போன்ற இபிஓவும்தான், அவசர சிகிச்சை தவிர நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு பைசா கிடைக்காது. ஒப்பந்தம் போடுவதும் போடாததும் உங்கள் உரிமை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் போடவில்லை என்றால் போடவில்லை என்று சொல்ல வேண்டும். 2014இல் மார்க்கெட்பிளேஸ் தொடங்கியபோது நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் திட்டம் விற்றது. அங்கிருந்த 26 மருத்துவமனைகளில் 16 மட்டும்தான் அதில் இருந்தன. மக்கள் கொதித்தார்கள். ஆனால் எந்தப் பத்து மருத்துவமனை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அவர்களால் சண்டை போட முடிந்தது. சியாட்டிலில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, தன்னைச் சேர்க்காத மார்க்கெட்பிளேஸ் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்ததற்காக 2013இல் மாநிலக் காப்பீட்டு ஆணையர் அலுவலகத்தின் மீதே வழக்குப் போட்டது. அந்த மருத்துவமனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அதன் நோயாளிகளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்களுக்கு நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஜூன் 2 மாலைவரை தெரியவில்லை.

அம்மா ஒரு நாள் சொன்னார்: “நம்ம ஊர்ல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உள்ள ஆஸ்பத்திரின்னா வாசல்லயே போர்டு வச்சிருப்பாவ. உள்ள போனா அதுக்குன்னு ஒரு ஆளு உக்காந்திருப்பாவ. இங்க அப்படி ஒண்ணு எழுதி வைக்கப்படாதா?” நம் ஊரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எந்தச் சிகிச்சைக்கு உண்டு, எதற்கு இல்லை என்று அங்கேயும் மக்கள் அலைகிறார்கள். ஆனால் வாசலில் பலகை என்பது ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியைக்குத் தோன்றுகிற யோசனை. இவ்வளவு பெரிய நிர்வாகத்துக்குத் தோன்றாமல் போனது ஏன் என்று நான் கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் இலாபநோக்கற்ற நிறுவனம். வருமான வரி கட்டுவதில்லை. அந்தச் சலுகைக்கு ஈடாக மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சுற்றுவட்டார மக்களின் மருத்துவத் தேவை என்ன என்று ஆய்வு செய்து வெளியிடுகிறீர்கள். கடைசி அறிக்கையை முழுவதும் படித்தேன். நீரிழிவு இருக்கிறது, மனநலம் இருக்கிறது, நடைபாதை பற்றிக்கூட இருக்கிறது. கையில் காப்பீடு இருந்தும் உங்கள் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் கேட்பது இவைதான்.

முகப்புப் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 2026க்கு எங்கள் மாவட்டத்தில் மார்க்கெட்பிளேஸில் விற்கப்படும் ஒவ்வொரு திட்டத்தின் முழுப் பெயரையும் போட்டு, அதற்கு எதிரே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்பவற்றையும் கட்டாயம் எழுதுங்கள். மருத்துவமனைக்குத் தனியாக, உங்களோடு வேலை செய்யும் மருத்துவர் குழுக்களுக்குத் தனியாக. ஆங்கிலத்தில் மட்டும் இல்லாமல் ஸ்பானிஷ், வியட்நாமிய மொழிகளிலும் இருக்கட்டும். நவம்பர் 1க்கு முன்னால் இது வேண்டும், ஒப்பந்தம் மாறினால் அன்றைக்கே திருத்த வேண்டும்.

தொலைபேசியில் கேட்பவரிடம் நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்வதை நிறுத்துங்கள். திட்டத்தின் பெயரைக் கேட்டு, பார்த்து, பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியும், பதில் சொன்னவரின் ஊழியர் எண்ணும் அதில் இருக்கட்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லட்டும், நாங்கள் வேறு இடத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

அட்டையை முதல் தடவை ஸ்கேன் செய்யும் அன்றைக்கே நெட்வொர்க்கைச் சரிபாருங்கள். ‘க்யூஎச்பி’ என்ற எழுத்து இருந்தால் மேசையில் இருப்பவர் அங்கேயே நிறுத்திச் சரிபார்க்கும்படி பயிற்சி கொடுங்கள்.

உங்கள் ‘ஆமாம்’ஐ நம்பி வந்து, தேதியும் கொடுக்கப்பட்ட பிறகு தவறு தெரிய வந்தால், அந்தச் சிகிச்சையைக் குறித்த தேதியில் நெட்வொர்க் கணக்கிலேயே செய்யுங்கள். அதற்கான தனி ஒப்பந்தத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு நீங்கள் பேசுங்கள். நோயாளியைப் பேச விடாதீர்கள். என்னைப் போல ஆங்கிலம் தெரிந்த, கணக்கு தெரிந்த, வேலையில் விடுப்பு எடுக்க முடிந்த மகள் எல்லோருக்கும் இருக்க மாட்டாள்.

2027க்கு ஒரு மார்க்கெட்பிளேஸ் திட்டத்தோடாவது ஒப்பந்தம் போடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அடுத்த தேவை ஆய்வறிக்கையில் எழுதுங்கள். இந்த ஆய்வுக்காக நீங்கள் கூட்டும் கூட்டங்களில் மார்க்கெட்பிளேஸ் அட்டை வைத்திருப்பவர்களையும் கூப்பிடுங்கள். நான் வருகிறேன், அம்மாவும் வருவார்.

கடைசியாக எங்கள் குடும்பத்துக்காக ஒன்று. அம்மாவுக்கு 2028 வரை மார்க்கெட்பிளேஸ்தான். புது வால்வைப் பார்க்க அடிக்கடி ஈக்கோ எடுக்க வேண்டும், மறுபடி ஏதாவது என்றால் நான்கு மைலில் இருப்பது நீங்கள்தான். அடுத்த வருடத்துக்கு அம்மாவுக்காக நான் யோசித்து வைத்திருக்கும் மூன்று திட்டங்களின் முழுப் பெயரும் எண்ணும் இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதி, பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட்டு, அக்டோபர் 31க்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்